கையூசியும் தையற்பொறியும்: பூநகரியை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

1. வினா

பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை பிரியாவண்ணம் நூலோட்டித் தைத்து ஆக்கப்படும் விரிப்பினை இக்கட்டுரையில் 'அடுக்கு விரிப்பு' எனக் குறிப்பிடுவோம். அதனைக் கையால் தைப்பதா, பொறியால் தைப்பதா என்னும் வினா, முதல் நோக்கில் வீட்டின் உள்ளறைக்குரிய சிறு வினாவாகவே தோன்றும். ஆயின் ஒரு பெண்ணின் உழைப்பு நேரம் எவருக்கு உரியது, அதற்கு விலை குறிப்பவர் யார், அவ்வுழைப்பின் கருவி எவர் கையில் இருக்கின்றது என்னும் மூன்று வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. 2009 இல் போர் முடிவுற்றபின், வன்னிப் பெருநிலப்பரப்பில் மீளக்குடியமர்ந்த பெண்களுக்கு வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளுள் தையல் இயந்திரம் முக்கிய இடம் பெற்றது. எனவே இவ்வினா பூநகரி போன்ற ஒரு பிரதேசத்தில் வெறும் இரசனை பற்றியதாக அமையாது; பொருளாதாரம் பற்றியதாகவும் சமூக உறவுகள் பற்றியதாகவும் அமைகின்றது.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். பூநகரியின் மரபுவழிப் படுக்கை பாயே. பனையோலையைக் கிழித்து வார்ந்து பாயும் பெட்டியும் கடகமும் இழைப்பதே அப்பகுதிப் பெண்களின் பழைய கைவினை. அடுக்கித் தைத்த துணிக்கு அங்கிருந்த இடம் சிறிது: பிறந்த பிள்ளையைக் கிடத்தும் பழஞ்சேலை விரிப்பு, மார்கழிக் குளிருக்கான போர்வை என்னுமளவே. ஆகவே அழிந்துபோன பெருங்கலை ஒன்றை மீட்பது எமது நோக்கமன்று. எங்கும் பெண்கள் எதிர்கொண்ட ஒரு தெரிவு இங்கு எவ்வாறு எழுகின்றது என ஆராய்வதே நோக்கமாகும்.

2. அடுக்குத் துணியின் தொன்மை

கிழிந்த துணியைத் தைத்து இணைக்கும் வழக்கம் வறுமையின் விளைவு மட்டுமன்று. பௌத்த விநய நூல்களின்படி, துறவியின் ஆடை துண்டுகளாக வெட்டப்பட்டு மீளத் தைக்கப்பட வேண்டும். மகத நாட்டு வயல்களின் வரம்புகளை மாதிரியாகக் கொண்டு ஆனந்தர் அதனை அமைத்தார் என அம்மரபு கூறும். துறவியரின் மேலாடையாகிய சங்காடி இரட்டை மடிப்புடையது. இலங்கையில் ஆண்டுதோறும் நிகழும் 'கடின' விழாவின் பெயரும், ஆடை தைக்கும்போது துணியை விரித்துப் பிணைத்த மரச்சட்டத்துடன் தொடர்புடையது. ஒரே நாளில் வெட்டித் தைத்துச் சாயமேற்றி முடிக்கவேண்டிய அவ்வாடைக்குப் பலர் ஒன்றுகூடி ஊசி பிடித்தனர். சட்டத்தைச் சூழ அமர்ந்து பலர் கூடித் தைக்கும் இம்முறை, பிற்காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் அடுக்கு விரிப்புத் தைத்த பெண்களிடமும் காணப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

வடமொழியில் 'கந்தா' எனவும் தமிழில் 'கந்தை' எனவும் வழங்குவது ஒரே சொல்லே. தமிழில் அது கிழிசல் என்னும் பொருளில் ஒடுங்கிற்று. வங்காளத்திலோ அதே சொல், பழஞ்சேலைகளை அடுக்கிப் பெண்கள் தைக்கும் 'காந்தா' என்னும் கலைவடிவத்தின் பெயராயிற்று. சேலைக் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலே அதன் பூவேலைக்குப் பயன்பட்டது. தேய்ந்த பொருளிலிருந்து தேய்ந்த பொருளுக்கே அழகு தேடிய கலை அது. வீட்டுப் பயன்பாட்டிற்காகத் தோன்றியதாகையால் அதில் செலவான நேரத்தை எவரும் கணக்கிடவில்லை.

சந்தைக்கான அடுக்கு விரிப்பின் வரலாறு வேறு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வங்காளத்துச் சாத்காவிலிருந்து பட்டுநூற் பூவேலை செய்த விரிப்புகளைப் போர்த்துக்கேயர் ஐரோப்பாவுக்கு ஏற்றிச்சென்றனர். சோழமண்டலக் கரையின் வண்ணச் சீலைகளும் ஐரோப்பாவை அடைந்து, படுக்கை விரிப்புகளாயும் ஆடைகளாயும் தைக்கப்பட்டன. அச்சீலைகளின் சிவப்புக்கு அடிப்படையாயிருந்தது சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணப் பட்டினத்தைச் சார்ந்த நிலங்களிலும் கிடைத்த அவ்வேரின் மீது ஒல்லாந்தக் கம்பனி தனியுரிமை கொண்டாடிற்று; அதனைத் தோண்டிக் கொடுப்பது குறிப்பிட்ட சாதியினர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. பூநகரியில் இன்றும் எஞ்சியுள்ள கோட்டை, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இக்கரையோர வணிகத்தின்மீதும் போக்குவரத்தின்மீதும் செலுத்திய ஆதிக்கத்தின் சின்னமாகும். கையுழைப்பு என்பதனாலேயே ஓர் உற்பத்தி மனிதத்தன்மை பெற்றுவிடுவதில்லை என்பதற்குச் சாயவேரின் வரலாறு போதிய சான்று. பொறி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே கை கட்டுண்டிருந்தது.

3. பொறியின் வருகை

1846 இல் எலியாஸ் ஹோ ஐக்கிய அமெரிக்காவில் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851 இல் ஐசாக் சிங்கர் தமது பொறிக்கு உரிமை பெற்றார். பொறியின் நுட்பத்திலும் பார்க்க அதனை விற்ற முறையே உலகை மாற்றியது எனலாம். 1856 அளவில் சிங்கர் கம்பனி தவணைமுறை விற்பனையைத் தொடங்கிற்று. முழு விலையைச் செலுத்த இயலாத குடும்பமும் மாதந்தோறும் சிறு தொகை கட்டிப் பொறியை வீட்டுக்குக் கொண்டுவரலாயிற்று. 1877 இல் சிங்கர் கொழும்பில் கால்பதித்தது. குடியேற்றகால இலங்கையில் இப்பொறி பரவிய வரலாற்றினை நிரா விக்கிரமசிங்க 2014 இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பொறிக்கு முன்னரே தையல் பெண் கல்வியினுள் புகுந்துவிட்டது. 1824 இல் அமெரிக்க மிஷனார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு ஊசியும் கற்பிக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் நாகர்கோவிலில் மிஷனரி மோல்ற்றின் மனைவியார் அடிமைக் குடிகளைச் சேர்ந்த சிறுமியருக்குப் பின்னல்வேலை பயிற்றினார். அதனாற் கிடைத்த கூலியைக்கொண்டு சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். சாயவேர் தோண்டியவனும் பின்னல் பின்னியவளும் கையாலேயே உழைத்தனர். ஒருவனுக்கு அது கட்டாயக் கடமை. மற்றவளுக்கு அது விடுதலையின் விலை. கூலி அவள் கைக்கு வந்ததே இவ்வேறுபாட்டின் காரணம்.

தையற்பொறி பற்றி இரு பெருஞ் சிந்தனையாளர் கூறியவை இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், உடை, தொப்பி, பாதணி முதலிய தொழில்கள் அனைத்தையும் ஒருங்கே புரட்டிய தீர்க்கமான பொறியாகத் தையற்பொறியை மார்க்ஸ் இனங்கண்டார். வீட்டிலிருந்து கையால் தைத்தோரின் கூலியை அது நசுக்கியதையும், மிக வறிய பெண்களைப் பட்டறைகளுக்குள் திரட்டியதையும் அவர் எடுத்துக்காட்டினார். காந்தியடிகளோ, பொறிகளை ஐயுற்ற நிலையிலும், 1924 இல் நிகழ்ந்த உரையாடலொன்றில் சிங்கரின் பொறிக்கு விதிவிலக்களித்தார். மனைவி சலிப்பூட்டும் வேலையில் வருந்துவதைக் காணப்பொறாத அன்பிற் பிறந்தது அது என்பது அவர் கருத்து. 1927 நவம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று அவர் வடபகுதிக்கு வந்து கதர் நிதி திரட்டியபோது, இராட்டையைப் போற்றிய அதே மனிதர் தையற்பொறியை ஏற்றவர் என்பதை எத்தனை பேர் எண்ணினரோ!

இவ்விரு கூற்றுகளும் முரண்பட்டவையாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. காந்தியடிகள் கண்டது வீட்டில் மனைவியின் சோர்வை நீக்கிய பொறி. மார்க்ஸ் கண்டது பட்டறையில் முதலாளியின் இலாபத்தைப் பெருக்கிய பொறி. பொறி ஒன்றே, அது நின்ற இடமும் அதன் உரிமையும் வேறு.

4. தையலின் இயல்பு

தெரிவு பற்றிப் பேசுவோர் பொருளின் இயல்பை மறத்தலாகாது. கையூசி ஓரிழை நூலை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்கின்றது. தையல் விட்டுவிட்டுத் தோன்றும். இடைவெளிகளில் துணி மூச்சுவிடும். அதனாலேயே கைத்தையல் விரிப்பு மெதுமையாக மடிகின்றது. பொறியோ இரு நூல்களைக் கையாள்கின்றது. ஊசியின் நூலும் கீழே பொபினிலிருந்து வரும் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. வரி இடையறாது உறுதியாக அமையும். விரிப்பும் சற்று விறைத்து நிற்கும்.

தேய்ந்த பழஞ்சேலைக்கு இவ்வுறுதியே ஊறாகலாம். நெருங்கிய துளைகள் நைந்த இழைகளை அறுக்கும். துணி தையலின் வழியே கிழியும். மேலும், பொறியின் பற்கள் அடித்துணியை இழுக்கையில் மேற்றுணி பின்தங்குவதால், முன்கூட்டியே நன்கு நூலோட்டிப் பிணைக்காத அடுக்குகள் சுருங்கிப் புடைக்கும். ஆகவே பொறியைத் தெரிந்தாலும் கையூசி விலகிவிடுவதில்லை, ஆயத்தவேலை அதனுடையதே. புதுத் துணிக்கும், ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து கழியும் வெட்டுத்துண்டுகளுக்கும், அடிக்கடி துவைக்கவேண்டிய விரிப்புக்கும் பொறியே ஏற்றது. பழஞ்சேலைக்கும் பிள்ளைத்துணிக்கும் கை ஏற்றது. இத்துணை அளவில் வினாவுக்கு நுட்பவியல் விடை உண்டு. ஆனால் விற்பனைக்கெனத் தைக்கத் தொடங்கியதும் இவ்விடை போதாததாகின்றது. கையால் பல வாரங்கள் பிடிக்கும் விரிப்பைப் பொறியால் ஓரிரு நாளில் முடிக்கலாம். அவ்வாரங்களின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதே அப்போது எழும் வினா.

5. போருக்குப் பின்: இரு முன்னுதாரணங்கள்

1971 இன் போருக்குப் பின், கணவனை இழந்த பெண்களும் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களும் எண்ணற்றோராய் எஞ்சிய பங்களாதேசத்தில், காந்தாத் தையல் வாழ்வாதாரமாக மீட்டெடுக்கப்பட்டது. யசீமுதீன் 1929 இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடல் அக்கலைக்கு முன்னரே ஓர் இலக்கிய மதிப்பை ஈட்டிக் கொடுத்திருந்தது. 1978 இல் பிராக் நிறுவனம் தொடங்கிய 'ஆரோங்' விற்பனையகம் கிராமத்துத் தையலை நகரச் சந்தைக்குக் கொண்டுசென்றது. இதனாற் பல பெண்களுக்கு முதன்முறையாகப் பணவருமானம் கிட்டியது. இப்பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் கலையின் அமைப்பு மாறிற்று. பழஞ்சேலையின் இடத்தைப் புதுத்துணி பிடித்தது. வடிவத்தை நகரத்தில் ஒருவர் வரைய, கிராமத்தில் இன்னொருத்தி துண்டுக்கூலிக்கு அதன்மேல் ஊசி ஓட்டலானாள். கை எஞ்சியது, கையின் தீர்மானம் எஞ்சவில்லை.

இரண்டாவது முன்னுதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சார்ந்தது. வில்கொக்ஸ் பகுதிக் கறுப்பினப் பெண்கள் பருத்தி வயல்களிற் குத்தகை உழைப்பாளராய் இருந்தோர். வீட்டுக் குளிருக்காகக் கந்தல் உடுப்புகளை அடுக்கித் தைத்து வந்தவர்கள். குடியுரிமைப் போராட்டத்தின் நடுவே, 1966 இல், அவர்கள் 'விடுதலை விரிப்புத் தையற் கூட்டுறவு' ஒன்றை நிறுவினர். வாக்காளராகப் பதிவு செய்தமைக்காகக் குடியிருந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. கூட்டுறவு தன் வருமானத்தைக் கொண்டு 23 ஏக்கர் நிலம் வாங்கி, அத்தகைய குடும்பங்கள் சிலவற்றுக்கு அதிற் காணி விற்றது. தையற்கூடம் ஒன்றையும் எழுப்பியது. 1972 இல் சியர்ஸ் நிறுவனத்திற்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தமும் பெற்றது.

இங்கு நிகழ்ந்தது ஆழ்ந்து நோக்கற்பாலது. ஒப்பந்த உறைகளை அப்பெண்கள் பொறியிற் தைத்தனர். அவ்வேலையிற் கழிந்த தடித்த வரித்துணித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுசென்று, தம் விருப்பப்படி விரிப்புகள் ஆக்கினர். பிற்காலத்தில் அவ்வட்டாரத்து விரிப்புகள் அரும்பொருட்காட்சிச் சாலைகளில் கலைப்படைப்புகளாக மதிக்கப்பட்டன. ஒரே பெண் நாளின் ஒரு பொழுதிற் பொறியையும் இன்னொரு பொழுதிற் கையையும் தெரிந்தாள். அத்தெரிவு அவளுடையதாக இருந்தமைக்குக் காரணம் கூட்டுறவும் நிலமும் அவளுடையவையாக இருந்தமையே. கூட்டுறவு 2012 இல் மூடப்பட்டது. எனினும் அது விட்டுச்சென்ற பாடம் மூடப்படவில்லை.

6. பூநகரி: பருவம், சட்டம், கடன்

இவ்விரு முன்னுதாரணங்களுக்கிடையே பூநகரியை எங்கு நிறுத்துவது? யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் மேற்குக் கடலுக்கும் இடைப்பட்ட இந்நிலம் 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வாண்டில் உருவாக்கப்பட்ட கிளிநொச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. ப. புஷ்பரட்ணத்தின் தொல்லியல் ஆய்வு (1993) இதன் தொன்மைக் குடியிருப்புகளை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் இங்கிருந்த படைமுகாம் பெருஞ்சமரின் களமாயிற்று. 2008 நவம்பரில் இராணுவம் பூநகரியைக் கைப்பற்றிய வேளை மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்திருந்தனர். அவ்வழியே பல இடங்களில் இடம்பெயர்ந்து, இறுதியில் முகாம்களை அடைந்து, பின்னரே மீண்டனர். இடப்பெயர்வின் பொருளியலில் ஊசிக்குத் தனி மதிப்புண்டு. அதனைச் சேலைத்தலைப்பிற் குத்திக்கொண்டு நடக்கலாம். இரும்புக் கால்களையுடைய மிதிபொறியை அவ்வாறு கொண்டுசெல்ல இயலாது. பொறி நிலைத்த வாழ்வை வேண்டி நிற்பது. அது வீட்டில் நிற்கின்றதெனின் வீடு நிற்கின்றது என்று பொருள்.

பூநகரியின் வேளாண்மை மழையை நம்பியது. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற இவ்வயல்களில் மாரிமழைக்கு முன் புழுதியில் விதைத்து, தை, மாசி மாதங்களில் அறுவடை செய்வர். பின்னர் நெடிய வறண்ட மாதங்கள். அக்காலத்திற்குக் கைத்தையல் இயல்பாகப் பொருந்தும். வயல் அழைக்கும்போது அதனை மடித்து வைத்துவிடலாம். தொழிற்சாலைப் பொறியோ பருவம் அறியாது. 2009 இன் பின் கிளிநொச்சியில் 'வானவில்' போன்ற பெரும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினை ஈட்டும் துறையோடு வன்னிப் பெண்ணின் விரல்கள் இணைந்தன. அங்கு மாதச் சம்பளம் உண்டு. ஆனால் ஒரு பெண் முழு ஆடையையும் தைப்பதில்லை. ஒரு மடிப்பையோ ஓர் ஓரத்தையோ நாள் முழுதும் தைக்கின்றாள். இளம்பெண்ணுக்கு அது வீட்டுக்கு வெளியே திறக்கும் கதவாகலாம். பிள்ளைகளோடும் முதியோரோடும் தனித்திருக்கும் தாய்க்கு அக்கதவு எட்டாத் தொலைவிலிருக்கலாம்.

இத்தகைய தாய்மார் பலர். 2010 இல் அரசு தரப்பில் வெளியிடப்பட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் போரினாற் கணவரை இழந்தோர் 89,000 பேர்; அவருள் வடக்கில் மட்டும் 40,000 பேர். காணாமலாக்கப்பட்டோரின் மனைவியர் விதவையரென்றும் சுமங்கலியரென்றும் கூறவியலாத நிலையினர்.

இங்கு சட்டம் குறுக்கிடுகின்றது. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் 1707 இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் அதனை மாற்றியமைத்தது. அதன்படி மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அசையும் ஆதனத்துக்கு அது வேண்டியதில்லை. கணவன் காணாமற்போயின் சம்மதத்துக்கு நீதிமன்றத்தை நாட வேண்டும். சீதனக் காணி தன் பெயரில் இருந்தும் அதனை ஆளமுடியாதவளுக்கு, தையல் இயந்திரம் எவருடைய கையொப்பமுமின்றித் தன்னுடையதாகக் கொள்ளத்தக்க உற்பத்திக் கருவியாகும். உழவனுக்கு நிலம் எவ்வாறோ அவ்வாறே அவளுக்குப் பொறி. இவ்வுண்மையை நோக்காது, கைவினையே தூயது, பொறி அந்நியமானது எனப் பேசுவது வசதி படைத்தோரின் இரசனையாகவே முடியும்.

ஆயினும் உடைமை என்னும் சொல்லையும் உரசிப் பார்த்தல் வேண்டும். கடனாற் பெற்ற பொறி முழு உடைமையன்று. 1856 இன் தவணைமுறைக்கும் போருக்குப் பிந்திய வடக்கின் நுண்கடனுக்கும் இடையே நேரான உறவுண்டு. இரண்டும் நாளைய உழைப்பை இன்றே அடகு வைக்கின்றன. நுண்கடன் பெண்களை எவ்வளவு நெருக்கிற்று என்பதற்கு, 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசே கடன்தள்ளுபடி அறிவிக்க நேர்ந்தமை சான்று. நன்கொடையாகக் கிடைத்த பொறிக்கும் சந்தை வேண்டும். ஒரே ஊரிற் பலருக்குப் பொறி வழங்கினால் தைப்போர் பெருகுவரேயன்றித் தைப்பிப்போர் பெருகுவதில்லை. 2011 சனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரியை யாழ்ப்பாணத்தோடு இணைத்தது. உள்ளூர்ப் பொருள் வெளியே செல்லும் அதே பாதையால் மலிவான ஆயத்த ஆடையும் உள்ளே வருகின்றது.

7. முடிவாக

கையா பொறியா என்னும் வினா, வரலாற்று நோக்கில், பிழையாக அமைக்கப்பட்ட வினா. சாயவேர் தோண்டியவன் கையாலேயே உழைத்தான், அவன் அடிமைப்பட்டிருந்தான். நாகர்கோவிலிற் பின்னல் பின்னியவளும் கையாலேயே உழைத்தாள். அவள் விடுதலை வாங்கினாள். அலபாமாவிற் பொறி கூட்டுறவின் கருவியாயிற்று. பட்டறையில் அதே பொறி சுரண்டலின் கருவியாயிற்று. வேறுபாட்டினை ஆக்கியவை மூன்று: கருவியின் உரிமை, நேரத்தின் மீதான அதிகாரம், விலை குறிக்கும் உரிமை.

எனவே பூநகரிப் பெண்ணிடம் எதைத் தெரியப்போகின்றாய் என வினவுவோர், தெரிந்தெடுக்கும் வல்லமையை அவளுக்கு வழங்கியுள்ளோமா எனத் தம்மையே முதலில் வினவுதல் தகும். கடனற்ற பொறியும், பலர் கூடி நூல் வாங்கித் துணி விற்கும் கூட்டுறவும், காணியின்மீது முழுமையான சட்டவுரிமையும் அவளுக்குக் கிட்டுமாயின், பிள்ளைக்குக் கையாலும் சந்தைக்குப் பொறியாலும் தைப்பதை எவரும் அவளுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. அவை கிட்டாவிடின், ஊசியானாலும் பொறியானாலும் அவள் கையில் இருப்பது பிறருடைய கருவியே.